தண்ணீரைக் குற்றம் சொல்லாதீர்கள்

"எஞ்சினில தண்ணி படக்கூடாது தம்பி. ஓடுறத ஓட விடு. பொனட்டுக்குள்ள ஊத்தை கிடந்தா யாருக்கு என்ன?"

திருகோணமலையில் கார் வைத்திருக்கும் ஒருவர் இந்த அறிவுரையைக் கேளாமல் இருந்திருக்க வழியில்லை. கராஜில் பாஸ் சொல்வார். வான் ஓடும் அண்ணன் சொல்வார். கார் பார்க்கக் கூட வந்த மாமா சொல்வார். கிண்ணியாவில் நானாமாரும் இதையே சொல்கிறார்கள். கந்தளாயில் சிங்களத்திலும் இதையே சொல்கிறார்கள். ஆகவே நாமும் வாராவாரம் வெளியே ஷம்பூ போட்டுக் கழுவுகிறோம், ரயருக்குக் கறுப்புப் பூசுகிறோம், ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். பொனட்டை மட்டும் ஒயில் பார்க்கத் திறந்து, பார்த்த கையோடு மூடிவிடுகிறோம்.

இந்த அறிவுரை பிழை. மலைநாட்டில் அது அரைப் பிழை என்று விட்டுவிடலாம். துறைமுகத்தைச் சுற்றி, நிலாவெளி முதல் மூதூர் வரை வாழ்கிறவர்களுக்கு அது முழுப் பிழை. வாகனத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டே அதை அரிக்கக் கொடுக்கும் பிழை. எஞ்சின் அறையை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது வீட்டில் வைத்து, கையால், நல்ல தண்ணீரால் துப்புரவாக்க வேண்டும் என்பது என் கட்சி. கழுவக்கூடாது என்பவர்களின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் அவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது உப்பு.

நம் நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு முனை. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம், தெற்கே மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடா. எந்தத் திசைக் காற்றும் நீரைத் தொட்டுவிட்டுத்தான் ஊருக்குள் வருகிறது. மாரியில் வாடை நேரே கடலிலிருந்து அடிக்கிறது. கோடையில் கச்சான் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்துப் புழுதியை வாரிக்கொண்டு தரையிலிருந்து வந்தாலும் உட்துறைமுகத்தைக் கடந்தே நகரைச் சேர்கிறது. அலை உடையும் இடத்தில் கிளம்பும் நுண்துளிகள் காற்றிலேயே வற்றி உப்புத் துகளாகின்றன. அவற்றின் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள் படிந்துவிடும். நம்மில் பலர் குடியிருப்பதும் வாகனத்தை நிறுத்திவைப்பதும் அந்தச் சில நூறு மீற்றருக்குள்தான். ஜன்னல் கம்பியும் கேற் பிணைச்சலும் இங்கே எத்தனை விரைவில் துருப்பிடிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அதே காற்றைத்தான் ரேடியேற்றர் விசிறி கார் ஓடும் நேரமெல்லாம் எஞ்சின் அறைக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது.

"எஞ்சின் சூட்டில எல்லாம் காய்ஞ்சிடும்" என்பார்கள். சூடு போக்குவது நீரை. உப்பு அங்கேயே கிடக்கும். அதற்குப் பிறகு நடப்பதைப் பள்ளிக்கூட விஞ்ஞானமே சொல்லிவிடும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். நம் ஊரில் மழைக்காலத்துப் பகல்களிலும், ஆண்டின் பெரும்பகுதி இரவுகளிலும் ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேலே போகிறது. 33 வீதத்துக்குக் கீழே இறங்குவதோ அரிதிலும் அரிது. சமையலறை உப்புப் போத்தல் மாரியில் கசிந்து கட்டியாவது இதனால்தான். அப்படியானால் "ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்" வைத்திருப்பதாக ஒருவர் பெருமைப்படும் எஞ்சின் அறை ஒவ்வோர் இரவும் நனைகிறது. நனைப்பது உப்புநீர். காலையில் எஞ்சின் சூடாகும்போது நீர் போய் உப்பு மிஞ்சுகிறது. மறுநாள் இரவு புதிதாக விழுந்த உப்பும் பழைய உப்பும் சேர்ந்து நனைகின்றன. காய்வதும் நனைவதுமாக மாறி மாறி வருவதே அரிப்புக்கு மிக வசதியான நிலை.

உலோகங்கள் வளிமண்டலத்தில் அரிக்கப்படும் வேகத்தை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச நியமம், மழை எவ்வளவு பெய்தது என்று கேட்பதில்லை. வெப்பநிலை என்ன, ஈரப்பதன் என்ன, காற்றில் எவ்வளவு கந்தகவீரொட்சைட்டு, எவ்வளவு குளோரைட்டுப் படிகிறது என்றுதான் கேட்கிறது. ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேலிருக்கும் மணித்தியாலங்களை அது 'நனைந்த நேரம்' என்றே கணக்கிடுகிறது. மழை பெய்யவில்லை, குழாய் திறக்கவில்லை என்பதால் உலோகம் காய்ந்திருக்கிறது என்று அந்த நியமத்தை எழுதியவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. நாம் மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

இன்றைய காரின் பொனட்டுக்குள் எங்கு பார்த்தாலும் அலுமினியம். எஞ்சின் உடல், அல்டனேற்றர் கூடு, ஏ.சி. கொம்பிரசர், கொண்டென்சரின் மெல்லிய தகடுகள், ஹைபிரிட் வாகனமென்றால் இன்வேர்ட்டர் பெட்டி. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் ஒட்சைட்டுப் படலம். குளோரைட்டு அந்தப் படலத்தைத்தான் துளைக்கிறது. அலுமினியத்தில் உருக்கு ஆணி இறங்கியிருக்கும் இடங்களில் உப்புநீர் இரண்டையும் இணைத்து ஒரு சிறு மின்கலத்தையே உண்டாக்கிவிடுகிறது. தேய்வது அலுமினியம். பிறகு ஒருநாள் அந்த ஆணியைக் கழற்றப் போனால் தலை முறிந்து கையோடு வருகிறது. பொடியில் இறுக்கப்பட்ட ஏர்த் வயரின் அடியில் வெள்ளைத் தூள் பூத்தால் மின்தடை ஏறும். சென்சர்கள் தாறுமாறான கணக்குச் சொல்லும். டாஷ்போர்டில் ஏதோ ஒரு விளக்கு எரியும். ஸ்கேன் போட்டுப் பார்த்துவிட்டு நல்ல சென்சரைக் கழற்றி எறிந்து புதிதாய் வாங்குவோம். விளக்கு மறுபடி எரியும். "தண்ணி படாத எஞ்சின்" கொடுக்கும் செலவு இது. அதன் காரணம் யாருக்கும் தெரியாமலே போவதால் அந்த அறிவுரை இன்னும் மரியாதையோடு உலவுகிறது.

எனக்குப் பெரிய வியப்பு, இந்த அறிவுரை வேரூன்றிய அதே ஊரில் அதற்கு நேரெதிரான அறிவும் தலைமுறைகளாக இருக்கிறது என்பது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்தக் கரைக்கும் போய், பொறுப்பான ஒரு மீனவர் தன் படகு மோட்டரை என்ன செய்கிறார் என்று பாருங்கள். கடலிலிருந்து வந்ததும் மோட்டரைக் கழற்றி, பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் வைத்துச் சற்று நேரம் ஓட விடுகிறார். உள்ளே சுற்றிய கடல்நீரை நன்னீர் கழுவிப் போகட்டும் என்பதற்காக. மேல்மூடியைக் கழற்றி ஈரத் துணியால் துடைக்கிறார், காயவைக்கிறார், ஒயில் தடவுகிறார். உப்புநீரில் ஓடிய மோட்டரை நன்னீரால் அலசச் சொல்லி மோட்டர் செய்யும் கம்பனிகளே கையேட்டில் எழுதியிருக்கின்றன. கையேட்டை வாசித்திராத கிழவருக்கும் அது தெரியும், ஏனென்றால் அலசாத மோட்டர் என்னாகும் என்பதை அவர் தன் பணத்தில் படித்திருக்கிறார். கடலின் மேல் தாழப் பறக்கும் விமானங்களையும் இறங்கியதும் நன்னீரால் அலசுவது விமானப் பராமரிப்பில் பழகிய நடைமுறை. மோட்டர் கம்பனிக்காரரும் விமானப் பொறியியலாளரும் நம் மீனவரும் ஒருமித்துச் சொல்வது, உப்பை எடுக்க நன்னீரைவிட மலிவான மருந்து இல்லை என்பது. அந்த மீனவரின் வீட்டு முற்றத்தில் நிற்கும் வானின் பொனட்டைத் திறந்தால் மட்டும் "தண்ணி படக்கூடாது" என்று எங்கிருந்து சட்டம் வருகிறது?

அது வந்த இடம் பழைய கார்கள். மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பின்னர் வந்த லான்சர் பொக்ஸ் போன்றவை காபரேற்றரும் டிஸ்ரிபியூட்டரும் வைத்து ஓடியவை. டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் சிறிது ஈரம் புகுந்தாலும் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும், எஞ்சின் நின்றுவிடும். 1959இல் வந்த மினி காரில் டிஸ்ரிபியூட்டர் முன் கிறிலுக்கு நேரே இருந்ததால் மழை ஓட்டத்தில் அது நிற்பது உலகப் பிரசித்தம். நம் பெரியவர்கள் அந்தக் கார்களில் பழகியவர்கள், அவர்களிடம் தொழில் படித்தவர்களே இன்றைய பாஸ்மார். அன்றைக்கு அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் இன்று முற்றத்தில் நிற்பது அக்குவா, அக்சியோ, வகன் ஆர், ஹொண்டா ஃபிட். இவற்றில் டிஸ்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனி கொயில். எஞ்சின் அறைக் கனெக்டர்களுக்குள் சிலிக்கோன் வளையம் இருக்கிறது. வாகன உதிரிப்பாகங்கள் நீரை எந்த அளவு தாங்க வேண்டும் என்று வகைப்படுத்த ஐ.எஸ்.ஓ. 20653 என்று தனி நியமமே உண்டு. மாரியில் சேறும் வெள்ளமும் அடிக்கும் வீதியில் ஓடுவதற்கென்றே செய்த வாகனம் இது.

அந்த வெள்ளத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஐப்பசி பிறந்தால் நம் வீதிகளில் தேங்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அதற்குள் ஓடும்போது முன் ரயர்கள் அந்தக் கலங்கல் நீரைக் கீழிருந்து எஞ்சின் அறைக்குள் வாரி இறைக்கின்றன. சூடான எஞ்சினில், ஓடிக்கொண்டிருக்கும் அல்டனேற்றரில், மணலோடும் உப்போடும் சேர்ந்து அது படுகிறது. அதற்கு யாரும் அஞ்சுவதில்லை. நின்று துடைப்பதும் இல்லை. குளிர்ந்த எஞ்சினில், எதை மூட வேண்டுமோ அதை மூடிவிட்டு, போத்தலில் பீச்சும் நல்ல தண்ணீருக்கு மட்டும் அஞ்சுகிறோம். ஆண்டில் மூன்று மாதம் ஊத்தைத் தண்ணீரைத் தாங்கும் எஞ்சின், அரை மணித்தியாலம் நல்ல தண்ணீரைத் தாங்காது என்பதில் எந்தத் தர்க்கமும் எனக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சியம் ஒன்று உண்டு, அதை மழுப்ப நான் விரும்பவில்லை. "சேர்விசுக்குக் குடுத்து எஞ்சின் கழுவினன், அடுத்த நாள் ஸ்டார்ட் வரேல்ல" என்று சொல்லும் மனிதர்கள் உண்மையையே சொல்கிறார்கள். அப்படி நின்ற வாகனங்கள் நம் ஊரில் நிறைய. ஆனால் அங்கே நடந்தது என்ன? பல இடங்களில் வழக்கம் இதுதான்: வாகனம் ஓடிவந்த சூட்டோடு மேடையில் ஏறுகிறது. எஞ்சின் மேல் மண்ணெண்ணெயோ டீசலோ காற்றழுத்தத்தால் விசிறப்படுகிறது. பிறகு பம்பின் முழு வேகத்தில் தண்ணீர். முடிவில் பளபளப்புக்காக ஒரு ஒயில் பூச்சு. வாகனம் நின்றது இதனால். இதில் எந்தப் படியையும் நான் ஆதரிக்கவில்லை, ஒவ்வொன்றும் கேடு.

முதலில் அழுத்தம். வீட்டுக்கூரைத் தாங்கி ஐந்து மீற்றர் உயரத்தில் இருந்தால் குழாயில் வரும் அழுத்தம் அரை பார். பத்து மீற்றர் நீர் நிரலுக்கு ஒரு பார் என்பது கணக்கு. கடையில் வாங்கும் சிறிய பிரஷர் வாஷரே 100 பார் வரை தருகிறது. வீட்டுக் குழாயைப்போல் 200 மடங்கு. நான் சொன்ன ஐ.எஸ்.ஓ. நியமத்தின் ஆகக் கடுமையான நீர்ச் சோதனை, 80 பாகைச் சூட்டு நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் 10 முதல் 15 சென்றிமீற்றர் தொலைவிலிருந்து பீய்ச்சுவது. எல்லாப் பாகமும் அந்தச் சோதனைக்காகச் செய்யப்படுவதில்லை. செய்யப்பட்டவையும் புதிதாக இருக்கும்போதுதான் தாங்கும். பத்து, பன்னிரண்டு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்து இறுகிப்போன சிலிக்கோன் வளையத்தின்மேல் அந்த வேகத்தில் நீரைச் செலுத்தினால் அது உள்ளே போகத்தான் செய்யும். போன நீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று ஊசிகளைப் பச்சையாக்கும். இரண்டாவது, மண்ணெண்ணெய். அது ரேடியேற்றர் குழாய் ரப்பரையும் எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் ஊதிப் பெருக்கி இளகச் செய்கிறது. அதன் ஆவி 38 பாகைக்கு மேலே தீப்பற்றக்கூடியது. ஓடிவந்த எஞ்சினின் தண்ணீரே 90 பாகையில் இருக்கிறது, எக்ஸோஸ்ட் குழாய் இன்னும் பல மடங்கு சூட்டில். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் உயர்ந்தபோது மீனவர்கள் கடலுக்குப் போக வழியின்றித் தவித்ததை நாம் கண்ணால் கண்டோம். அந்த எண்ணெயை நல்ல ரப்பரைக் கெடுப்பதற்காக விசிறுவதை எப்படித்தான் வழக்கமாக்கினோமோ. மூன்றாவது, கடைசி ஒயில் பூச்சு. அடுத்த நாள் கச்சான் கொண்டுவரும் புழுதியும் வாடை கொண்டுவரும் உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டில் பட்டால் அது வழுக்கும்.

ஆக, சேர்விசில் நின்றுபோன காரிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் "அழுத்தமும் மண்ணெண்ணெயும் சூடும் கூடாது" என்பது. நாம் எடுத்துக்கொண்டதோ "தண்ணீர் கூடாது" என்பது. குற்றவாளியை விட்டுவிட்டு அந்த இடத்தில் நின்றவரைப் பிடித்த கதை.

இன்னொரு வாதம் கார் வாங்கி விற்பவர்களிடமிருந்து வருகிறது. பொனட்டுக்குள் சுத்தமாக இருந்தால் விற்பவன் எதையோ மறைக்கிறான். ஊத்தை இருந்தால்தான் "கை படாத எஞ்சின்" என்று நம்பலாமாம். விற்பதற்கு முதல்நாள் மட்டும் கழுவிப் பூச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஆண்டு முழுவதும் ஓட்டப்போகும் சொந்தக்காரருக்கு இந்த நியாயம் தலைகீழானது. டெப்பெட் கவர் பக்கிங் கசியத் தொடங்கும் முதல் நாளில், சுத்தமான எஞ்சினில் அது ஈரக் கோடாகத் தெரியும். பக்கிங் மாற்றினால் வேலை முடிந்தது. ஊத்தை எஞ்சினில் அதே கசிவு ஒயில் அளவு குறைந்து விளக்கு எரியும்வரை தெரியாது. தண்ணீர்ப் பம்பின் அடியில் காய்ந்த கூலன்ட் பொருக்கும், எலி கடித்த வயரும், அல்டனேற்றருக்குப் பின்னால் கூடு கட்டிய தும்பும் கழுவுகிற கைக்குத்தான் அகப்படும். என் கருத்தில் கழுவுவதன் பாதிப் பயன் இதில் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் பிரஷ்ஷோடு எஞ்சின்மேல் குனிந்து நிற்பவர் அதற்கு முந்திய வருடம் முழுக்கப் பார்க்காததையெல்லாம் பார்த்துவிடுகிறார்.

வேலை எப்படி என்று கேட்பவர்களுக்கு: இது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஆனால் ஒழுங்கு உண்டு. முதலாவது, எந்தத் தண்ணீர் என்பது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் வருவது சவர்த் தண்ணீர். அதைக்கொண்டு கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதிலாக உப்பைப் பூசுகிறோம். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்குப் பிடித்துவைத்த மழைத் தண்ணீர் கிடைத்தால் மிக நல்லது. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். அதைத் தடிப்பாக்க உப்புச் சேர்க்கும் வழக்கம் உண்டு. காருக்குரிய ஷம்பூவை நீர்க்கக் கரைத்தால் போதும்.

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில், வாகனத்தை எடுப்பதற்கு முன் செய்வதே உத்தமம். அல்டனேற்றர், பியூஸ் பெட்டி, காற்று உறிஞ்சும் வாய் மூன்றையும் பொலித்தீனால் கட்டுங்கள். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் புழுதியையும் சருகையும் முதலில் தட்டியெடுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வாய்க்காலில் வேப்பஞ்சருகு அடைந்திருக்கும். அதைக் கையால் அள்ளுங்கள், இல்லாவிட்டால் மாரியில் தண்ணீர் வைப்பர் மோட்டருக்கும் உள்ளுக்கும் இறங்கும். பிறகு ஷம்பூத் தண்ணீரை போத்தலால் பீச்சி, பிரஷ்ஷால் பகுதி பகுதியாகத் தேய்த்து, காய விடாமல் நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அலசித் துடைக்க வேண்டும். ஆணித் தலைகள், ஏர்த் வயர் இறுக்கிய இடங்கள், அலுமினியக் கூடுகளின் மூலைகள் ஆகியவற்றுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்; பிளாஸ்டிக் மூடி மினுங்குவது இரண்டாம் பட்சம். கொண்டென்சர் தகடுகளுக்கு எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய நீர். பெட்டரி முனையில் பூத்த தூளுக்கு அப்பச் சோடா கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீர், கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது நெகற்றிவ் கடைசியில், காய்ந்ததும் வஸ்லின். பிளக் குழிகளில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்த்து ஒற்றியெடுங்கள். கழுவிய பின் வண்டி இழுத்து இழுத்து ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் குழிதான். எல்லாம் துடைத்த பிறகு பொனட்டைத் திறந்தபடியே காற்றாட விட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். ஆணிகளுக்கும் பிணைச்சல்களுக்கும் மெழுகுச் சேர்க்கையுள்ள துருத் தடுப்பு ஸ்பிரேயை மெல்லிதாக அடிக்கலாம். பளபளப்பு ஒயில் வேண்டவே வேண்டாம்.

ஹைபிரிட்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும், இதில் நான் எதிர்த்தரப்போடு பாதி உடன்படுகிறேன். அக்குவாவின் பெரிய பெட்டரி 144 வோல்ட். இன்வேர்ட்டர் அதை 520 வோல்ட் வரை ஏற்றுகிறது. செம்மஞ்சள் நிற வயர்களும் அவை போய்ச் சேரும் பெட்டிகளும் தண்ணீர் பீச்சும் இடமில்லை. பிழிந்த துணியால் துடைக்கும் இடம். எதையும் கழற்றக்கூடாது. ரெடி விளக்கு அணைந்திருக்க வேண்டும், சாவி வீட்டுக்குள் இருக்க வேண்டும். ரெடியில் நிற்கும் ஹைபிரிட் எஞ்சின் எச்சரிக்கையின்றித் தானாகவே கிளம்பும், கை விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் இந்தக் கவனம் கழுவாமல் விடுவதற்குக் காரணமாகாது. இன்வேர்ட்டர் கூடும் அலுமினியம்தான், அதன்மேலும் உப்புத்தான் படிகிறது. துப்புரவில் இறங்கிய கையோடு பின் இருக்கைப் பக்கத்தில் பெட்டரி விசிறி காற்று இழுக்கும் வாயையும் பாருங்கள். அங்கே அடைந்த தும்பு பல பெட்டரிகளின் ஆயுளைக் குறைத்திருக்கிறது.

"வீட்டில கழுவினா ஒயில் எல்லாம் கானுக்குள்ள போகும், கடலுக்குத்தான் கூடாது" என்று ஒருவர் சொன்னால் அது மதிக்க வேண்டிய கவலை. வாகன சேர்விஸ் நிலையம் நடத்த 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை என்பது இதற்காகத்தான். ஆகையால் வீட்டில் ஒயில் பிசுக்கைத் தண்ணீரால் தள்ளக்கூடாது. பழைய சாரத் துணியால் முதலில் துடைத்தெடுத்து, அந்தத் துணியைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். எஞ்சினுக்குக் கீழே பழைய தட்டம் ஒன்று. நான் சொல்லும் முறைக்கு ஒன்றிரண்டு வாளித் தண்ணீர் போதும். துடைக்காமல் விட்ட ஒயில் எங்கே போகிறது என்பதையும் அந்த நண்பர் யோசிக்க வேண்டும். அடுத்த பெருமழையில் வீதியில் சொட்டி, அதே கான் வழியே அதே துறைமுகத்துக்குத்தான் போகிறது.

"பழைய காருக்கு இத்தனை பாடு எதுக்கு?" என்ற கேள்விக்கு நாட்டின் அண்மைக்கால வரலாறே பதில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாட்டில் இருந்த வாகனங்களையே கைமாற்றிக் கைமாற்றி ஓட்டினோம். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை ஆசிரியருக்கும் கடைக்காரருக்கும் எட்டும் விலையாக இல்லை. இப்போது முற்றத்தில் நிற்கும் காரே இன்னும் பல ஆண்டு ஓட வேண்டும். உட்துறைமுக வீதியில் இருக்கும் கார் வவுனியாவில் இருக்கும் காரைவிட வேகமாக மூப்படையும் என்று தெரிந்திருந்தும், அந்த மூப்பைத் தள்ளிப்போடும் ஒரே மலிவான வேலையைச் செய்யாதே என்று ஒருவருக்கு அறிவுரை சொல்வதை நான் அக்கறையாகக் கருத மாட்டேன்.

கச்சான் ஓய்ந்து மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒரு கழுவல், வாடை தணிந்த பின் மாசியில் ஒரு கழுவல், பிறகு சித்திரை வெயிலில் ஒன்று: கரையோரத்தாருக்கு இது போதிய கணக்கு. அலைச்சாரல் நேரே விழும் இடத்தில் வாகனம் நிறுத்துபவர்கள் மாதத்துக்கொரு தடவை ஈரத் துணியால் ஆணி முனைகளையாவது துடைக்கட்டும். பாஸ்மாரிடம் கேட்கவும் ஒன்று உண்டு. உங்கள் கராஜில் பம்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் இரண்டு பெயின்ட் பிரஷ்ஷும் வையுங்கள். எஞ்சின் கழுவக் கேட்டு வருபவரிடம் "படக்கூடாது" என்று திருப்பி அனுப்பாமல், சூடு ஆறும்வரை வாகனத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கையால் கழுவிக் கொடுத்து அந்த மணித்தியாலத்துக்குரிய கூலியை வாங்குங்கள்.